ஐந்தாவது போல்ட்

அத்தியாயம் 7

உக்கடத்தில் ராசாத்தாளின் பழைய இரும்புக் கடை. எடைத்தட்டுக்குப் பக்கத்தில் அந்த லாரி இன்ஜின் மல்லாந்து கிடந்தது. ஒரு ஆளைக் கொன்ற இன்ஜின் என்று பார்த்தால் தெரியாது. மற்ற இரும்பைப் போலவே அதுவும் துருப்பிடித்திருந்தது.

"நாலு மணிக்கு பவுண்டரி வண்டி வந்துருமுங்க." ராசாத்தாள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். "அதுக்குள்ள பாக்கறதைப் பாத்துப்போடுங்க. உலைக்குள்ள போயிருச்சுன்னா நீங்க தேடற தடயம் மோட்டார் பம்ப்பாத்தான் வெளிய வரும்."

ராமாமணி மணி பார்த்தாள். பத்தரை.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவள். பொய் ரிப்போர்ட் எழுதச் சொன்ன அன்றே மேசையைக் காலி செய்தாள். இப்போது காந்திபுரத்தில் ஒரு மாடி அறை, ஒரு போன், 'துப்பறிவாளர்' என்று ஒரு போர்டு. கூட ஜபருல்லா. முன்னாள் லாரி மெக்கானிக். கையும் வாயும் ஒன்றாக ஓடும். ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நின்றுவிடும் என்பதால் அவள் இரண்டையும் பொறுத்துக்கொண்டாள்.

"அக்கா, போர்டுல 'துப்பறிவாளர்'னு போட்டதுக்கு 'பழைய இரும்பு வாங்கப்படும்'னு போட்டிருந்தா இந்நேரம் ரெண்டு மாடி கட்டியிருக்கலாம்," என்றான் அவன், இன்ஜின் மேல் குனிந்தபடி.

"வால்வைத் தேடு."

வழக்கு சின்னது. சூலூரில் பட்டறை வைத்திருந்தவன் அருள்குமார். இருபத்தெட்டு வயது இன்ஜினியர். டீசல் இன்ஜின் வெளியே விடும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் குழாய் ஒன்றைச் செய்தான். காற்றில் கலக்கும் நஞ்சு குறையும். இன்னும் சில வருஷத்தில் சர்க்கார் விதி கடுமையாகும், அன்றைக்கு ஒவ்வொரு லாரிக்கும் இது வேண்டியிருக்கும் என்று நம்பினான். டிரைவர்கள் அதைப் புகை லைன் என்றார்கள்.

புகை லைனில் ஒரு ஆபத்து உண்டு. திரும்பிப் போகும் புகை அளவு மீறினால் இன்ஜின் மூச்சுத் திணறும். அதனால் பாரம் ஏற்றி மலை ஏறும்போது அந்த வழி மூடிக்கொள்ள வேண்டும். மூடுவது ஒரு வால்வு. வால்வை இழுத்து மூடுவது ஒரு ஸ்பிரிங்.

தொண்ணூற்றாறு ஜூலையில் திம்பம் மலைப்பாதையில் சோதனை ஓட்டம். நாற்பது லாரி வைத்திருந்த பெருந்துறை செங்கோட்டையன் ஒரு லாரி கொடுத்தார். அருள்குமார் புகையின் நிறம் பார்க்க லாரிக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போனான். எப்போதும் அப்படித்தான் போவான். ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி கருகருவென்று கக்கி நின்றது. பழைய வண்டி. இன்ஜின் நின்றால் பிரேக் மிதியும் கல்லாகிவிடும். டிரைவர் குதித்தான். பாரத்தோடு லாரி பின்னால் உருண்டது. பின்னால் அருள்குமார். அவனுக்குப் பின்னால் பாறை.

வண்டியைப் பார்த்த அதிகாரி குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே வரி எழுதினார். 'வால்வு மூடாமல் நின்றுள்ளது, வடிவமைப்புக் கோளாறு.' செங்கோட்டையன் விசாரணையில் ஒரே வரி சொன்னார். "என்ற ஆளுங்க யாரும் அந்த வால்வுல கை வெக்கலைங்க." செத்தவனே தன் சாவுக்குக் காரணம் என்று ஃபைலை மூடினார்கள்.

நான்கு மாதம் கழித்து, போன திங்கட்கிழமை, அவன் அக்கா புவனா மாடியேறி வந்தாள். அழவில்லை. "என்ற தம்பியைக் கொன்னவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "இன்ஜின் உக்கடத்துக்கு வந்திருக்குதுங்க. அந்த வால்வைத் தொறந்து பாருங்க."

இன்று வெள்ளிக்கிழமை.

"கெடைச்சுருச்சுக்கா." ஜபருல்லா துணியால் துடைத்தான். "ஆனா இது என்ன கூத்து? ஒலகத்துல எந்த வண்டியிலும் நாலு போல்ட் இருக்கும், இல்லேன்னா ஆறு. இவன் அஞ்சு போட்டிருக்கான். கணக்குல வீக்கா?"

"வேணும்னே போட்டது. கடையில விக்கிற எந்த உதிரியும் இதுல பொருந்தக்கூடாது. கண்டவன் கழட்டி வேற மாட்டக்கூடாது."

"அப்ப இந்த அஞ்சு போல்ட் சமாச்சாரம் ஒலகத்துலயே இது ஒண்ணுதான்?"

"ஒண்ணே ஒண்ணு."

ஐந்து போல்ட்டும் முனகாமல் கழன்றன. நான்கு மாதம் மழையில் கிடந்த போல்ட் அப்படிக் கழலாது. ராமாமணி அதை மனதில் வைத்தாள்.

வால்வைத் தூக்கியதும் ஜபருல்லா விசிலடித்தான். வால்வுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கருத்த இரும்புத் தகடு ஒன்று. ஐந்து போல்ட்டுக்கும் ஓட்டை இருந்தது. நடுவில் புகை போகும் வழிக்கு ஓட்டை இல்லை.

"டம்மி!" என்றான். "அக்கா, முடிஞ்சுது கேசு. எவனோ புகை லைனை மொத்தமா அடைச்சு வெச்சிருக்கான். வழியே அடைச்சிருந்தா புகை எப்படித் திரும்பிப் போகும்? இன்ஜின் எப்படித் திணறும்? அருள்குமார் மேல தப்பே இல்லை. செங்கோட்டையன் ஆளுங்க கை வெச்சிருக்கானுங்க. காப்பி சொல்லட்டுமா?"

ராமாமணி தகட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"ஜபரு, ஒரு கதவைச் சாத்திட்டு வெளியில குப்பை எரிச்சா, கதவுல எந்தப் பக்கம் கரி படியும்?"

"வெளிப்பக்கம்."

"உள்பக்கம்?"

"அது எப்படிப் படியு..." அவன் பாதியில் நிறுத்தினான். வாயோடு கையும் நின்றது.

தகட்டில் இரண்டு பக்கமும் கரி. ஒரே கனத்தில், ஒழுங்காக, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவியது போல.

"இந்தத் தகடு லாரி ஓடும்போது உள்ள இல்லை," என்றாள் ராமாமணி. "சிம்னி விளக்குல காட்டி ரெண்டு பக்கமும் கருக்கி, பின்னால கொண்டாந்து சொருகியிருக்காங்க. ராசாத்தாக்கா, எங்களுக்கு முன்னால இந்த இன்ஜினைப் பாக்க யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரலீங்க." ராசாத்தாள் யோசித்தாள். "செத்த பையனோட அக்கா மட்டும் புதன்கிழமை வந்துச்சுங்க. தம்பி செத்த வண்டி, பூ வெச்சுக் கும்புட்டுக்கறேன்னுச்சு. பாவம், அரை மணி நேரம் தனியா உக்காந்திருந்துச்சு."

ஜபருல்லா மெதுவாகச் சொன்னான். "பூ வெக்க அரை மணி. ஸ்பேனர் வெச்சா அஞ்சு போல்ட்டுக்கு அரை மணி."

ராமாமணி வால்வுக்குள் விரலை விட்டு ஸ்பிரிங்கை வெளியே இழுத்தாள். ஒரு முனை மழமழவென்று தேய்த்துச் சமமாக்கப்பட்டிருந்தது. மறுமுனை ரம்பத்தால் அறுத்தபடியே, பிசிறோடு நின்றது.

"ரெண்டு சுத்து கொறையுது. மூடற தெம்பு இதுக்கு இல்லை," என்றாள். "தகடு பொய். ஆனா கொலை நெசம். வண்டியை எடு."

*

ராமாமணியின் பியட் கார் சூலூர் வரைக்கும் ஒரு தடவைதான் நின்றது.

புவனா பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றிருந்தாள். தம்பி செத்த எட்டாம் நாளே பட்டறையைத் திறந்துவிட்டாள். முப்பத்திரண்டு வயது, சேலை மேல் காக்கிச் சட்டை. அவர்களைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"தொறந்து பாத்தீங்களாங்க? உள்ள என்ன இருந்துச்சு?"

ராமாமணி தகட்டை மேசையில் வைத்தாள். "நீங்க வெச்சதுதான் இருந்துச்சு அம்மணி."

வெளியே விசைத்தறிகள் தடதடத்தன.

"ஒரு பக்கம் மட்டும் கருக்கியிருக்கணுமுங்க," என்றான் ஜபருல்லா. "இல்லேன்னா நாங்க இந்நேரம் ஜாங்கிரியோட வந்திருப்போம்."

"சும்மா இரு ஜபரு."

"ஆமாமுங்க. நாந்தான் வெச்சேன்." புவனா குரலில் வெட்கம் இல்லை. "தம்பி செத்தப்ப ஊரு என்ன பேசுச்சு தெரியுங்களா? அவன் தோண்டின குழியில அவனே உழுந்தான்னு பேசுச்சு. செங்கோட்டையன் வெள்ளை வேட்டி கட்டிட்டு எழவுக்கு வந்தாரு. எங்கப்பன் கையைப் புடிச்சுட்டு, 'பையன் அவசரப்பட்டுட்டான் மாமா'ங்கறாரு. அப்பவே முடிவு பண்ணிப்போட்டேன். நெசத்துல மாட்டலேன்னா பொய்யிலயாவது மாட்டட்டும்."

"அவர் மேல ஏன் சந்தேகம்?"

"அவரு பொண்ணு கோகிலவாணிக்கும் தம்பிக்கும் கண்ணாலம் நிச்சயமாகியிருந்துச்சுங்க. வைகாசியில நாள் குறிச்சு, ரெண்டு ஊட்டுலயும் பத்திரிகை அடிச்சாச்சு. அதுக்கப்பறம் அவரு, பட்டறையை மூடிட்டுப் பெருந்துறைக்கே வந்துரணும், ஊட்டோட மாப்பிள்ளையா இருக்கணும்னாரு. தம்பி, 'பொண்ணு வேணும், உங்க லாரி வேண்டாம்'னான். அவரு ரெண்டும் ஒண்ணுதான்னாரு. இவன் அப்ப ரெண்டும் வேண்டாம்னு எழுந்து வந்துட்டான். ரெண்டே மாசத்துல அவரே கூப்புட்டு, கண்ணாலம் வேற தொழில் வேறன்னு சோதனைக்கு லாரி குடுக்கறாரு. ஊரே பெரிய மனுசன்னுச்சு."

"நாப்பது லாரியில எதைக் குடுத்தாருன்னு ஊரு கேக்கலை," என்றாள் ராமாமணி. "இருக்கறதுலயே பழசு. அம்மணி, இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் பொய் சொல்லாதீங்க. இந்தத் தகட்டை வெக்கறதுக்கு முன்னால அந்த இடத்துல ஒரு பேக்கிங் இருந்திருக்கும். இரும்பும் இரும்பும் சேர்ற எடத்துல புகை கசியாம இருக்க நடுவுல வெக்கிற அட்டை. அது எங்க?"

புவனா முதல் முறையாகத் தடுமாறினாள்.

"அது எதுக்குங்க?"

"எங்க?"

அவள் சுவரில் இருந்த தம்பியின் படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு காகித உறையை எடுத்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கெட்டி அட்டை. நடுவில் வட்ட ஓட்டை, சுற்றிலும் ஐந்து சின்ன ஓட்டைகள். உள் விளிம்பு கருகியிருந்தது. புகை தண்ணீர்க் குழாயைத் தொட்டு ஆறிய பிறகே வந்து சேரும் இடம் என்பதால் மற்ற பகுதி எரியாமல் பிழைத்திருந்தது. எண்ணெய் ஊறிய அட்டையின் பின்பக்கம் அச்செழுத்து. நடுவெல்லாம் ஓட்டையில் போய்விட்டது. கீழே மட்டும் தெளிவாக: அருள்குமார்.

"கண்ணாலப் பத்திரிகைங்க," என்றாள் புவனா. "தொறந்ததும் அவன் பேரைப் பாத்தேன். அந்தப் புள்ளையை மறக்க முடியாம அவனேதான் பத்திரிகையை வெட்டி உள்ள வெச்சிருக்கான்னு நெனச்சேன். தூக்கிப் போட மனசு வரலீங்க."

"உங்க தம்பி பேக்கிங் எதுல வெட்டுவாரு?"

"ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுல."

"அட்டையில?"

"அட்டையில வெட்டற ஆளைக் கண்டாலே அவனுக்கு ஆகாது."

"கல்யாணம் நின்ன பொறகு உங்க ஊட்டுப் பத்திரிகை என்னாச்சு?"

"எங்கப்பன் அன்னிக்கே வாசல்ல போட்டு எரிச்சுப்போட்டாரு. ஒண்ணுகூட மிச்சமில்லை. குலதெய்வத்துக்கு வெச்சது ஒண்ணு, அதையும் வாங்கியாந்து எரிச்சாரு."

"எரிக்கறதுக்கு முன்னால மஞ்சள் வெச்சிருந்தீங்களா?"

"நாலு மூலைக்கும். எல்லாத்துக்கும் நாந்தான் வெச்சேன். ஒரு நாள் பூராம்." சொல்லிக்கொண்டே புவனா அட்டையைப் பார்த்தாள்.

வெட்டியவன் சிக்கனக்காரன். பத்திரிகையின் ஓரத்தை ஒட்டியே வெட்டியிருந்தான். அசல் மூலை ஒன்று அப்படியே இருந்தது. அதில் எண்ணெய் இருந்தது, கரி இருந்தது. மஞ்சள் இல்லை.

"மேல பாருங்க," என்றாள் ராமாமணி.

மேல் விளிம்பில் பாதி கருகிய ஒரு வரி. 'எங்கள் மகள்' என்று தொடங்கி ஓட்டைக்குள் விழுந்துவிட்டது.

"இது உங்க ஊட்டுப் பத்திரிகை இல்லை. பொண்ணு ஊட்டுது. ஸ்பிரிங்கை அறுத்தவன், வால்வைத் திரும்ப மாட்டறப்ப இதை வெட்டி வெச்சிருக்கான். அவங்க பத்திரிகை வெளிய போச்சா?"

"இல்லீங்க." புவனா குரல் இறங்கியது. "அச்சாபீசுல இருந்து அவங்க ஊட்டுக்கு வந்த அன்னிக்குத்தான் தம்பி முடியாதுன்னு சொன்னான். சாமிக்குக்கூட வெக்கலை. ஐந்நூறும் கட்டுப் பிரிக்காம அந்த ஊட்டுலயேதான்..."

அவள் முடிக்கவில்லை. சுவரிலிருந்து ஒரு ரிங் ஸ்பேனரை எடுத்தாள். நீளமானது, கனமானது. கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"எதுக்குங்க அது?" என்றான் ஜபருல்லா.

"பெருந்துறைக்குத்தானே போறீங்க? நானும் வாரேன்."

ராமாமணி அட்டையை உறையில் போட்டுத் தன் பைக்குள் வைத்தாள். "ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இந்த அட்டையை நீங்க கழட்டி எடுத்துட்டு வந்துட்டீங்க. அதுக்குப் பதிலா பொய்த் தகடு வெச்சிட்டீங்க. இப்ப இதைக் கோர்ட்டுல காட்டினா, இதையும் நீங்களே வெட்டினீங்கன்னு எதிர் வக்கீல் ஒரே கேள்வியில முடிச்சுருவான். தம்பி பேரைக் காப்பாத்தற ஒரே சாட்சி இது. அதை நீங்களே கொன்னுட்டீங்க."

புவனாவின் முகம் சாம்பலானது.

"அப்ப வேற வழியே இல்லீங்களா?"

"அட்டையில வெட்டற மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம் உண்டு," என்றாள் ராமாமணி. "அது அந்த ஆளுக்கும் இருந்தா வழி இருக்கு. இல்லேன்னா இல்லை."

*

பெருந்துறையில் செங்கோட்டையனின் லாரி ஷெட். அன்று பதினொரு லாரிகள் பாரம் ஏற்றி வரிசையாக நின்றன. பொழுதோடு பம்பாய்க்குக் கிளம்ப வேண்டியவை. டிரைவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

செங்கோட்டையன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு லாரியின் முன் பக்கத்தைத் திறந்துவைத்து நின்றிருந்தார். அறுபது வயது. கிளீனராகத் தொடங்கி மெக்கானிக்காகி முதலாளியானவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண் சாப்பாட்டுக் கூடையை இறக்கிவைத்தாள். கோகிலவாணி.

"வாங்க வாங்க. புவனா கண்ணு, நீயுமா? அப்பா நல்லா இருக்காருங்களா? மோர் குடிக்கறீங்களா?" கையைத் துணியில் துடைத்தபடி வந்தார்.

"வழியில வண்டி தண்ணி ஒழுகுதுங்க," என்றாள் ராமாமணி. "இங்க ஒரு பேக்கிங் வெட்டிக்கலாம்னு வந்தோம்."

"அதுக்கென்னுங்க! எந்த வண்டி? பியட்டா? அளவுக்கு மாதிரி கெடக்குது பாருங்க." அவர் சுவரைக் காட்டினார்.

சுவர் முழுக்க ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் கொத்துக் கொத்தாகப் பேக்கிங் அட்டைகள். வட்டம், சதுரம், நீள்வட்டம், மூன்று ஓட்டை, நான்கு ஓட்டை, ஆறு ஓட்டை. எந்த இடத்துக்கு வெட்டினாலும் இரண்டாக வெட்டி, ஒன்றை மாட்டி, மற்றதை ஆணியில் தொங்கவிடுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். அடுத்த தடவை அளவெடுக்க வேண்டியதில்லை.

ஜபருல்லா சுவரை நோக்கி நகர்ந்தான். "அடேங்கப்பா! முதலாளி, நகைக்கடையில கூட இத்தனை மாடல் இருக்காதுங்க. எல்லாம் யாரு வெட்டறது?"

"நாந்தான்." செங்கோட்டையன் சிரித்தார். "ஆளுங்க கையில குடுத்தா அட்டையை வீணடிச்சுப்போடுவானுங்க. நாப்பது லாரி ஆனாலும் இந்த ஷெட்டுல நானே வெட்டுவேன். வேற ஒருத்தன் சுத்தியலைத் தொடக்கூடாது."

"தடிச்ச அட்டையா இருக்கே. நல்ல சரக்கு. கடையில வாங்கறதா?"

"மிச்சம் கெடந்துச்சு," என்றார் செங்கோட்டையன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

கோகிலவாணி தரையைப் பார்த்தாள்.

ஜபருல்லா ஆணி ஆணியாகத் தள்ளிக்கொண்டே போனான். மூன்று ஓட்டை. நான்கு. நான்கு. ஆறு. கடைசி வரிசையில், மூலை ஆணியில், ஆறாவது அட்டையை உரித்ததும் அவன் கை நின்றது.

வாயும் நின்றது. ராமாமணிக்கு அது போதும்.

"எண்ணு ஜபரு."

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." விரலைக் கடைசி ஓட்டையில் வைத்தான். "அஞ்சு."

அவன் அதைக் கழற்றித் திருப்பினான். கருகாத, எண்ணெய் படாத அட்டை. எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. மேலே 'எங்கள் மகள்'. கீழே 'அருள்குமார்'. ராமாமணி தன் பையிலிருந்த கருகிய அட்டையை அதன் மேல் வைத்தாள். ஐந்து ஓட்டையும் ஐந்து ஓட்டையின் மேல் உட்கார்ந்தன.

"உலகத்துல அஞ்சு போல்ட் வால்வு ஒண்ணுதான் இருக்கு," என்றாள். "அதுல உங்க ஆளுங்க யாரும் கை வெக்கலைன்னு விசாரணையில சொன்னீங்க. சரிதான். ஆளுங்க வெக்கலை."

செங்கோட்டையன் வாசலைப் பார்த்தார்.

"சோதனைக்கு முந்தின ஞாயித்துக்கிழமைங்கப்பா," என்றாள் கோகிலவாணி. அவள் பேசியதை அவர் எதிர்பார்க்கவில்லை. "ஷெட்டுல ஆரும் இல்லை. சோறு கொண்டாந்தேன். என்ற பத்திரிகையை அந்த வால்வு மேல வெச்சு ஓரத்தைத் தட்டித் தட்டி வெட்டிட்டு இருந்தீங்க. பக்கத்துல ஒரு ஸ்பிரிங்கும் ரம்பமும் இருந்துச்சு. எரிச்சுப்போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? காசு குடுத்து அடிச்ச அட்டைன்னீங்க."

"உள்ள போ கண்ணு."

"அவரு என்னை வேண்டாம்னுதான் சொன்னாரு. சாகணும்னு நான் சொல்லலை."

செங்கோட்டையன் முகத்தில் இருந்த பெரிய மனுஷன் கழன்று விழுந்தான். "வேண்டாம்னு சொல்ல அவன் யாரு? நாப்பது லாரியும் உனக்குத்தான்டான்னேன். கையைத் துடைச்சுட்டு எந்திரிச்சுப் போனான், என்ற ஒறம்பரை சனம் அத்தனை பேரு முன்னால! வண்டி நிக்கணும், அதிகாரிங்க முன்னால அவன் மூஞ்சியில கரி பூசணும், அவ்வளவுதான் நெனச்சேன். உருளும்னு நெனைக்கலை."

"உருளும் வண்டியாப் பாத்து நாப்பதுல பொறுக்கி எடுத்தது நீங்கதானே," என்றாள் ராமாமணி. "அவன் எப்பவும் பின்னாலதான் வருவான்னு தெரிஞ்சதும் உங்களுக்குத்தானே."



புவனா கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். கோகிலவாணி பின்வாங்கினாள். ஜபருல்லா குறுக்கே போகக் காலெடுத்தான். ராமாமணி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று பின்னால் கேட்டபோது, புவனாவின் கண் செங்கோட்டையன் மேல் இல்லை என்றாள்.

புவனா அவர் பக்கத்தில் போனாள். முகத்துக்கு நேராகப் பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டிப் போய், திறந்திருந்த லாரியின் முன் குனிந்தாள். வாட்டர் பம்ப்பின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினாள். நான்கு போல்ட். பம்ப் கழன்றதும் தண்ணீர் மடமடவென்று தரையில் கொட்டியது. உள்ளிருந்து நனைந்த அட்டையை உரித்தெடுத்தாள். அதில் கோகிலவாணியின் பேர் பாதி இருந்தது. அருள்குமாரின் பேர் முழுசாக இருந்தது.

அதைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த லாரிக்குப் போனாள்.

"ஏனுங்க... புவனா... என்ன பண்றே?" செங்கோட்டையன் குரல் உடைந்தது. மகள் பேசியபோது உடையாத குரல். "பாரம் ஏத்தி நிக்குது. பொழுதோட பம்பாய் கிளம்பணும். கண்ணு, அதைத் தொடாதே!"

"என்ற தம்பி பேரு உங்க வண்டியில இருக்கக்கூடாதுங்க," என்றாள் புவனா, போல்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு வண்டியிலயும். நாப்பதும் வர்ற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன்."

செங்கோட்டையன் அவளை நோக்கி ஓடப் பார்த்தார். ஜபருல்லா நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டான். "மோர் குடிக்கலாம்னீங்களே முதலாளி. வரட்டுமே."

இரண்டாவது லாரியின் தண்ணீர் கொட்டியது.

"அம்மணி," என்றாள் ராமாமணி. "போலீஸ் வந்ததும் நீங்க வெச்ச பொய்த் தகட்டையும் நீங்களே சொல்லிரணும். அதுக்கு உண்டானதை அனுபவிச்சுத்தான் ஆகணும்."

"சொல்றேனுங்க."

"ஜபரு, ஸ்டேஷனுக்கு போன் பண்ணு."

அவன் ஸ்டூலிலிருந்து எழாமல் லாரி வரிசையை எண்ணினான். இன்னும் ஒன்பது. "எத்தனை வேகமா பண்ணட்டும்க்கா?"

ராமாமணி கைக்கடிகாரத்தைக் கழற்றி, நிதானமாகச் சாவி கொடுத்து, மறுபடி கட்டினாள்.

"சாப்பிட்டுட்டுப் பண்ணு."

மூன்றாவது லாரியில் ஒரு போல்ட் துருவேறி இறுகியிருந்தது. புவனா இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. கோகிலவாணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"நீங்க தள்ளுங்க, நான் இழுக்கறேன்," என்றாள். "அதுல என்ற பேரும் இருக்குதுங்க."